நரம்புத் தளர்ச்சியை விற்றவர்கள்

நரம்புத் தளர்ச்சி, தாது நஷ்டம், மேகநோய், மாதவிடாய்க் கோளாறு. ஆங்கிலேயர் காலத்துச் சென்னைப் பத்திரிகைகளின் மருந்து விளம்பரங்களில் ஓயாமல் வந்த பெயர்கள் இவை. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் விளம்பரங்கள் இருந்தன. ஆனால், அந்த நோயாளி நேராக வைத்தியரிடம் போய்விடுவான். வெளியே சொல்லக் கூசும் நோய் வந்தவன் விளம்பரத்தைத்தான் முதலில் படித்தான். அவனுடைய கூச்சமே ஒரு பெரிய வியாபாரத்துக்கு முதலாக அமைந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கும்போது தபாலில் வரும் மாத்திரையை ஏன் நம்பினார்கள்? இதற்கான பதிலில் ஒரு பகுதி பரங்கிமலையில் இருக்கிறது. அங்கிருந்த கன்டோன்மென்டில் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற ஒன்று நடந்துவந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மேகநோய், அதாவது பால்வினை நோய், வராமல் காப்பதுதான் அதன் வேலை. 1864-ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டமும், 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் அதற்கு அதிகாரம் கொடுத்தன. பாலியல் தொழில் செய்த பெண்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் சோதனைக்கு வர வேண்டும், நோய் கண்டால் தேறும்வரை உள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும். அவர்களிடம் வந்துபோன சிப்பாய்களுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. இங்கிலாந்திலும் இங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1888-இல் இந்த ஏற்பாடு ரத்தானது. ஆனால், அந்தரங்க நோய் என்றால் போலீஸ், பதிவேடு, அவமானம் என்ற நினைப்பு ஊரில் தங்கிவிட்டது. கௌரவமான குடும்பத்து ஆண் அந்த நோயோடு அரசாங்க டாக்டர் முன்னால் போய் நிற்க மாட்டான்.

சிகிச்சையும் லேசானதல்ல. மேகநோய்க்கு ஐரோப்பிய மருத்துவம் கொடுத்தது பாதரசம். பல் ஆடும், வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். சித்த வைத்தியரிடமும் ரசம், வீரம், பூரம் என்று பாதரசச் சரக்குகள் இருந்தன. கூடவே பறங்கிப்பட்டையும் நன்னாரியும் இருந்தன. நன்னாரி வேரை 1864-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருந்துக் கோவையே ஏற்றுக்கொண்டது. அன்றைய இரண்டு மருத்துவங்களுக்கும் இடையில் இருந்த தூரம் இன்று நினைப்பதைவிடக் குறைவு. ஜெர்மனியின் பால் எர்லிக் கண்டுபிடித்த சால்வர்சன் 1910-இல் விற்பனைக்கு வரும்வரை, குறிபார்த்து அடிக்கும் மருந்து என்று சொல்லத்தக்க எதுவும் யாரிடமும் இல்லை. மருந்து இல்லாத இடத்தில்தான் விளம்பரம் செழிக்கும்.

மேகநோயாவது கண்ணுக்குத் தெரிந்த நோய். அதைவிட லாபமாக இருந்தது 'நரம்புத் தளர்ச்சி'. அதன் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து டாக்டர் திஸோ 1760-இல் வெளியிட்ட பிரெஞ்சு நூல், சுய இன்பத்தால் உடல் உருகிப்போகும், பார்வை மங்கும், புத்தி பேதலிக்கும் என்று ஐரோப்பா முழுவதையும் பயமுறுத்தியது. 1836–42-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லாலமான், விந்து தானாக வெளியேறுவதையே தனி நோயாக்கி, மூன்று தொகுதிகளில் எழுதினார். 1869-இல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்டு 'நியூராஸ்தீனியா' என்று பெயர் சூட்டி, நரம்பின் சக்தி வற்றிப்போவதால் களைப்பும் கவலையும் தூக்கமின்மையும் வருகின்றன என்றார். பெரிய டாக்டர்கள் எழுதியதைச் சின்ன வியாபாரிகள் துண்டுப் பிரசுரமாக்கினார்கள். லண்டனில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் மாத்திரைகள், டானிக்குகள், இடுப்பில் கட்டிக்கொள்ளும் மின்சாரப் பெல்ட்டுகள் என்று சரக்கு கிளம்பியது.

இந்தச் சரக்கு இந்தியாவுக்கும் வந்தது. தாமஸ் ஹாலோவே தன் மாத்திரைக்கும் களிம்புக்கும் இந்திய மொழிகளிலேயே குறிப்பு அச்சிட்டு அனுப்பினார். 'வெளுத்தவர்களுக்கான டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரை' ரத்தசோகைக்கும் நரம்புக்கும் சேர்த்தே விற்றது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் 'ரகசிய மருந்துகள்' என்ற தலைப்பில் இவற்றைச் சோதித்து அச்சிட்டபோது குட்டு உடைந்தது. 56 மாத்திரை கொண்ட பீச்சம் பெட்டியின் விலை 1 ஷில்லிங் 1½ பென்னி. உள்ளே இருந்தவை கரியபோளம், இஞ்சி, சோப்பு. அடக்க விலை அரை ஃபார்த்திங்; அதாவது, ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. அந்தப் புத்தகம் நன்றாக விற்றது. மாத்திரையும் விற்றுக்கொண்டேதான் இருந்தது.

சென்னையில் இந்த வியாபாரம் ஊன்றக் காரணம் மருந்து அல்ல, தபால். 1877-இல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருளைத் தபால்காரர் கொண்டுவருவார். வாங்குபவர் அவரிடமே பணத்தைக் கொடுப்பார். அந்தப் பணம் விற்றவருக்குப் போய்ச்சேரும். 1880-இல் மணியார்டரும் தபால் துறையின் கைக்கு வந்தது. அடுத்த இரண்டாண்டில் சுதேசமித்திரன் பிறந்தது; 1899-இல் அது நாளேடானது. பத்திரிகை விளம்பரத்தைக் கொண்டுபோகும், தபால் கார்டு ஆர்டரைக் கொண்டுவரும், ரயில் பார்சலைக் கொண்டுபோகும். கும்பகோணத்துக் குமாஸ்தாவும் ரங்கூன் கடைக் கணக்கரும் சென்னை வைத்தியரின் முகத்தைப் பார்க்காமலே நோயாளி ஆகலாம். கடிதங்கள் ரகசியமாக வைக்கப்படும், பார்சலின் மேல் மருந்தின் பெயர் இருக்காது என்ற உறுதிமொழி, மருந்தின் குணத்துக்கு இணையாக விளம்பரத்தில் இடம்பிடித்தது.

இதில் எல்லோருக்கும் முன்னோடி போல் நின்றவர் சென்னைக்காரர் அல்லர். குஜராத்தின் ஜாம்நகரில் இருந்த வைத்திய சாஸ்திரி மணிசங்கர் கோவிந்தஜியின் 'ஆதங்க நிக்ரஹ' மாத்திரை இந்தியா முழுவதும் விளம்பரமானது. 32 மாத்திரை ஒரு ரூபாய். இதைவிடச் சாமர்த்தியமானது அவர் கொடுத்த இலவசப் புத்தகம். 'காமசாஸ்திரம்' என்ற பெயரில், கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் காசில்லாமல் அனுப்பப்பட்டது. இளைஞன் புத்தகத்தின் பெயருக்காக எழுதிக் கேட்பான். புத்தகம் அவனுடைய பழக்கங்களின் கேடுகளைச் சொல்லி, முடிவில் மாத்திரையில் கொண்டுபோய் நிறுத்தும். இன்று கைப்பேசியில் வரும் 'இலவச ஆலோசனை' இதே உத்திதான்.

இந்த விளம்பரங்களின் எழுத்துமுறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் அறிகுறிகளின் பட்டியல் வரும். ஞாபக மறதி, தலைசுற்றல், இடுப்புவலி, படபடப்பு, கண் எரிச்சல், பசியின்மை, வேலையில் சலிப்பு, நாலுபேர் முன் பேசக் கூச்சம், சொப்பன ஸ்கலிதம். பரீட்சைக்குப் படிக்கும் எந்தப் பையனுக்கும் இதில் பாதி இருக்கும். படித்து முடிப்பதற்குள் அவன் நோயாளி. பிறகு காரணம்: 'வாலிபத்தில் அறியாமல் செய்த தவறு'. தவறு இன்னதென்று விளம்பரம் சொல்லாது. சொல்லாததால்தான் ஒவ்வொருவனும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். கடைசியில் ராஜாக்கள், ஜமீன்தார்கள், வக்கீல்கள், ஆங்கிலேய அதிகாரிகள் கொடுத்த நற்சாட்சிப் பத்திரங்கள் வரும். தங்கப் பதக்கங்களின் படமும் இருக்கும். நோயாளியைக் கண்டுபிடிக்கும் வேலையை நோயாளியிடமே விட்டுவிட்டது இந்த எழுத்து. அதுதான் இதன் பெரிய தந்திரம்.

ஐரோப்பியச் சரக்கை அப்படியே இங்கே இறக்கியிருந்தால் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்காது. உடலை ஏழு தாதுக்கள் தாங்குகின்றன, அவற்றில் கடைசியானதும் சாரமானதும் சுக்கிலம் என்பது ஆயுர்வேதத்துக்கும் சித்தத்துக்கும் பொதுவான பாடம். நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்ற நம்பிக்கை மக்களிடம் முன்பே இருந்தது. திஸோவின் பயத்தையும் பியர்டின் நரம்பையும் இந்தத் தாதுவோடு சேர்த்துத் தைத்தார்கள். 'தாது புஷ்டி லேகியம்' நரம்புக்கும் மருந்தானது. பழைய நூல்களில் வாஜீகரணம் என்பது பிள்ளைப்பேறு, உணவு, ஒழுக்கம் எல்லாம் கலந்த ஒரு பிரிவு. விளம்பரத்தில் அது ஒரு புட்டியாகச் சுருங்கியது. தேச அரசியலும் உதவிக்கு வந்தது. வெள்ளைக்காரன் இந்தியனை ஆண்மையற்றவன் என்று ஏளனம் செய்த காலம் அது. சுதேசி மருந்தைச் சாப்பிட்டு வீரியம் பெறுவதே தேசத்தொண்டு என்று எழுத ஆட்கள் கிடைத்தார்கள்.

இவர்கள் எல்லோரும் போலிகள் என்று ஒரே கோடாகக் கிழித்துவிடவும் முடியாது. பண்டித திவி கோபாலாசார்லு (1872–1920) மசூலிப்பட்டினத்துக்காரர். சென்னையில் ஆயுர்வேத ஆய்வுக்கூடம் வைத்து மருந்து தயாரித்தவர். பிளேக் பரவிய காலத்தில் ஹைமாதி பானகம், சததௌத கிருதம் என்ற அவருடைய இரண்டு மருந்துகளும் நாடெங்கும் பேசப்பட்டன. ஆயுர்வேதக் கல்விக்காக உழைத்த அவரே 'ஜீவாம்ருதம்' என்ற டானிக்கையும் விளம்பரம் செய்து விற்றார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கருணானந்தர் சஞ்சீவி மருந்துகளை இலங்கைக்கும் பர்மாவுக்கும் அனுப்பிச் சம்பாதித்து, அந்தப் பணத்தில் இசை மாநாடுகள் நடத்தி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். தமிழிசை வரலாறு மருந்துத் தபாலுக்கு இந்த அளவு கடன்பட்டிருக்கிறது.

பெண்களுக்கான சந்தையை முழுதாகப் பிடித்தவர் கே.என். கேசரி. சின்ன வயதில் கையில் காசில்லாமல் சென்னைக்கு வந்து, கேசரி குடீரம் என்ற மருந்துச் சாலையை வளர்த்தவர். அவருடைய 'லோத்ரா', மாதவிடாய்க் கோளாறுக்கும் கருப்பைக் கோளாறுக்கும் மருந்தாக வீடுதோறும் போனது. ஆண் டாக்டரிடம் காட்ட முடியாத உடம்பு, பெண் டாக்டர்கள் மிகக் குறைவான ஊர். தபாலில் வரும் புட்டி அந்த இடைவெளியில் நுழைந்தது. 1928-இல் அவர் 'கிருஹலக்ஷ்மி' என்ற தெலுங்கு மாத இதழைத் தொடங்கினார். பெண்கல்வி, பெண் எழுத்தாளர்கள் என்று அந்த இதழ் செய்த தொண்டு உண்மையானது. லோத்ராவுக்கு வாசகிகளைத் தேடிக் கொடுத்ததும் அதே இதழ்தான். பள்ளிக்கூடங்களால் அவர் பெயர் சென்னையில் இன்றும் நிற்கிறது.

மருந்துப் பணத்துக்கும் பத்திரிகைக்கும் இருந்த இந்த உறவு கேசரியோடு நிற்கவில்லை. அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய தைலத்தின் லாபத்தில்தான் 1908-இல் ஆந்திர பத்ரிகாவைத் தொடங்கினார். 1914-இல் சென்னைக்கு வந்தார். தலைவலி வெளியே சொல்லக்கூடிய வலி என்பதால் அவருடைய தைலம் கச்சேரி சபைகளில் இலவசமாக விநியோகம் ஆனது. 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசனும் விளம்பரத் தொழிலிலும் தபால்வழி விற்பனையிலும் பழகி வந்தவர். சந்தா மட்டும் ஒரு பத்திரிகையை நடத்தப் போதாது. தேசபக்தித் தலையங்கத்துக்குப் பக்கத்திலேயே தாது புஷ்டி விளம்பரம் வந்ததைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அன்று காகிதத்துக்கும் மைக்கும் யார் பணம் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பட்டம் பெற்ற டாக்டர்கள் இந்தக் களத்தில் வெளிப்படையாக இறங்காததற்கும் காரணம் உண்டு. 1914-ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் படித்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பதிவான டாக்டர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வது தொழில் ஒழுக்கக் கேடு. பதிவேட்டுக்கு வெளியே விடப்பட்ட வைத்தியருக்கு அந்தத் தடை இல்லை. கட்டுப்பாடு வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது. 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு இந்திய மருத்துவத்துக்கு முறையான கல்வி வேண்டும் என்று 1923-இல் அறிக்கை தந்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி 1925-இல் தொடங்கிய அரசு இந்திய மருத்துவப் பள்ளிக்கு முதல்வரானார். அதே 1925-இல் காந்தி, கல்கத்தாவில் ஒரு ஆயுர்வேதக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப் போன இடத்தில் வைத்தியர்களைக் கடிந்துகொண்டார். காம உணர்வைத் தூண்டும் மருந்துகளுக்கு அவர்கள் செய்யும் விளம்பரங்கள் அவரை மிகவும் உறுத்தின. வைத்தியர்களுக்குக் கோபம் வந்தது, விளம்பரம் குறையவில்லை.

1930-களில் மோஸ்தர் மாறியது. வியன்னாவின் ஸ்டைனாக், பாரிசின் வோரோனாஃப் ஆகியோரின் சுரப்பிப் பரிசோதனைகள் பத்திரிகைச் செய்தியாகி, 'நரம்பு' போய் 'ஹார்மோன்' வந்தது. பெர்லினில் தயாரான 'ஒகாஸா' இந்தியப் பத்திரிகைகளை நிறைத்தது. ஆணுக்கு வெள்ளிப் பெட்டி, பெண்ணுக்குத் தங்கப் பெட்டி. லேகியத்தை நாட்டுப்புறம் என்று ஒதுக்கிய பட்டதாரிக்கு விஞ்ஞானத்தின் பெயரால் அதே பயமும் அதே ஆறுதலும் கிடைத்தன.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு காரியம் தாம்பரத்தில் நடந்தது. டேவிட் சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய்ச் சானடோரியம் நடத்திய தமிழ் டாக்டர். 1917-இல் கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்குப் போயிருந்தார். தாயகம் திரும்பிய சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் 250 ஏக்கரில் 12 படுக்கையோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். காசநோயும் அன்று மறைக்கப்பட்ட நோய்தான். கல்யாணச் சந்தையில் குடும்பத்தின் பெயரையே கெடுக்கும் நோய். அதற்கும் சஞ்சீவிகள் தபாலில் வந்துகொண்டிருந்தன. சௌரிமுத்து கொடுத்ததோ காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு, மாதக்கணக்கில் கண்காணிப்பு. இந்து மருத்துவத்தின் பழமை பற்றி நூலும் எழுதியவர் என்பதால் மேலை மருத்துவத்தின் திமிர் அவரிடம் இருந்ததாகச் சொல்லவும் முடியாது. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரம் குமாஸ்தாக்களின் குடியிருப்பானது. விளம்பரக்காரர்கள் தேடிய வாசகன் இவன்தான்: மாதச் சம்பளம், எழுத்தறிவு, கூட்டுக் குடும்பத்திலிருந்து கொஞ்சம் விலகல், யாரையும் கேட்க முடியாத சந்தேகங்கள். தென்புறநகரின் இன்னொரு முனையான திருவான்மியூரில் நல்ல முயற்சி ஒன்றும் நிலைத்தது. 1944-இல் சீனிவாசமூர்த்தி முதலானோர் தொடங்கிய வைத்தியர்களின் கூட்டுறவு மருந்து நிலையம், இம்ப்காப்ஸ், மருந்துகளின் செய்முறையை நூலாகவே அச்சிட்டது. ரகசியத்தை விற்றுப் பிழைத்த தொழிலில் செய்முறையை வெளியிட்டது பெரிய மாற்றம்.

சட்டம் மெதுவாக வந்தது. ஆர்.என். சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930–31-இல் போலி மருந்துகளைக் கணக்கெடுத்தது. அதன் விளைவான 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் தரத்தைப் பார்த்தது; விளம்பரத்தின் பொய்யைத் தனியாகப் பிடிக்க விடுதலைக்குப் பிறகுதான் சட்டம் வந்தது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. பாலின்பத் திறனைக் கூட்டும், மாதவிடாய்க் கோளாறைத் தீர்க்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. அட்டவணையில் நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, மலட்டுத்தன்மை எல்லாம் உண்டு. தாயத்துக்கும் மந்திரத்துக்கும் தனிப் பிரிவு. ஹம்தர்த் தவாகானா உள்ளிட்ட நிறுவனங்கள் பேச்சுரிமையைக் காட்டி வழக்குப் போட்டன. சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கிய உச்ச நீதிமன்றம், இத்தகைய விளம்பரம் பேச்சுரிமை ஆகாது என்று 1959 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் மனநல மருத்துவர் என்.என். விக், தாது போய்விட்டது என்று நம்பிச் சோர்வும் பதற்றமும் அடையும் ஆண்களின் நிலைக்கு 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். அவர்களுடைய துன்பம் பொய்யல்ல. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை பெற்றால் அது தீரும்.

தொழில் அழியவில்லை, இடம் மாறியது. தபால் விளம்பரம் போய், ரயில் பெட்டியின் துண்டு நோட்டீசும் பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரொட்டியும் வந்தன. மாதம் ஒருநாள் லாட்ஜில் 'முகாம்' போடும் வைத்தியர் வந்தார். 1990-களுக்குப் பிறகு தொலைக்காட்சியின் பின்னிரவு நிகழ்ச்சிகள் வந்தன. எச்.ஐ.வி. புதிய பயத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. தாம்பரம் சானடோரியம் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய 1990-களில், ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் அங்கே மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். அதே காலத்தில் வெளியே எய்ட்சைப் பூரணமாகக் குணப்படுத்துவதாக விளம்பரங்கள் பெருகின. எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லக் கூடாத நோய்களை அடுக்கும் மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் இன்று முதல் பெயர் எய்ட்ஸ்.

சானடோரியத்தை ஒட்டி 2005 செப்டம்பர் 3-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அங்கே நாடி பார்த்து, சோதனை செய்து, மருந்து தருகிறார்கள். சித்த வைத்தியம் வேண்டும் என்பவர் முகம் தெரியாத முகாம் வைத்தியரை நம்ப வேண்டிய அவசியம் தாம்பரத்தில் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய விளம்பரத்துக்கு முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை, மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. மருந்தை விற்பவர் மட்டுமல்ல, விளம்பரத்தை வெளியிடுவதில் பங்குகொள்ளும் யாரும் இதில் அடங்குவர். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு விளம்பரத்தை வாங்கலாம்.